ஞானதாஸின் வலது புருவம்

மையை எப்படிக் கலக்க வேண்டும், தாளை எவ்வளவு நேரம் நனைத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அதைப் படித்துக் கற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற உடுப்பில் கொட்டகைக்கு வாருங்கள். கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். அச்சுக்கூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. எதிரில் ஒருவர் கண்கலங்கி நிற்கிறார், நேரம் போய்க்கொண்டிருக்கிறது, எதையாவது செய் செய் என்று எல்லோரும் உங்கள் கையையே பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் கையைச் சும்மா வைத்திருப்பது எப்படி என்பதைத்தான் சொல்ல வேண்டும். நான் நிறைய முறை பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஓவியக் கல்லூரி அச்சுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும், அங்கே ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய அச்சு எந்திரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீடு கேரளத் தென்கோடியில், பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகிற சாலையில். பின்னால் இருந்த கொட்டகை முன்பு ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற இடம். ஷீட் எந்திரம் நின்ற அதே சிமெண்ட் மேடையில் என் எந்திரத்தை நிறுத்தினேன். அதிலும் உருளை, இதிலும் உருளை. அதிலும் கையால் சுற்றும் சக்கரம், இதிலும் அதே. ஆகவே ஊரில் பாதிப் பேர் டீச்சர் மறுபடியும் ஷீட் அடிக்கத் தொடங்கிவிட்டார் என்றே நினைத்தார்கள். ஒரு மழைநாளில் பக்கத்து வீட்டுக்காரர் உறைந்த ரப்பர் பாலைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்து, “டீச்சரே, எனக்க மெஷின் கேடாயிப் போச்சு, இத ஒண்ணு ஓட்டித் தாருங்க” என்றார். உள்ளே கூட்டிப்போய், ஈரத்தாளில் அப்போதுதான் விழுந்திருந்த ஒரு தென்னந்தோப்பின் படத்தைக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, “கொள்ளாம், நல்லா இருக்கு. ஆனா இதுல என்ன கிட்டும்?” என்று கேட்டார்.

ஓவியர்கள் படம் கீறிய செப்புத் தகட்டோடு வருவார்கள். நான் அச்செடுத்துக் கொடுப்பேன். அவர்களில் அடிக்கடி வந்தவர் பிஜு. அதியன்னூர்க்காரர், கல்லூரியில் படித்தபோதே எனக்குத் தெரியும். கெட்டிக்காரர், கோபக்காரர், கோபம் வந்தால் மலையாளத்துக்கு மாறிவிடுவார். திருவிழா மேடைகளில் நாடகம் போடுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தகட்டில் வரைந்துகொண்டிருந்தார். கண்காட்சி வைக்க வேண்டும் என்று திட்டம்.

அவர் வரைந்தது டிரைபாயிண்ட் முறையில். உங்களுக்குத் தெரியும், ஆனாலும் இதை உங்கள் வீட்டில் வேறு யாராவது எடுத்துப் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். அமிலம் கிடையாது, மெழுகு கிடையாது. செப்புத் தகட்டை ஊசியால் நேராகக் கீறுவதுதான். கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். மை அந்தப் பிசிறில் தங்கும். அதனால் கோடு வெட்டினதுபோல விழாமல், கரியால் தேய்த்ததுபோல மெத்தென்று விழும். ஆனால் ஒவ்வொரு முறை உருளைக்கு அடியில் போகும்போதும் பிசிறு கொஞ்சம் நசுங்கும். நல்ல அச்சு பத்தோ பன்னிரண்டோ கிடைத்தால் உண்டு. பிறகு வருவதில் கோடு இருக்கும், முகம் இருக்காது. இன்னொன்று, தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். இந்த இரண்டையும் மறக்காதீர்கள். மீதிக் கதை முழுவதும் இவற்றால் வந்ததுதான்.

ஞானதாஸ் பாறசாலைக்காரர். மழை மாதங்களில் பந்தல் அலங்கார வேலை, மழை விட்டால் நாடகம். கோயில் திருவிழாவில் அவர் அசுரன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் மைதானத்தில் கொடுங்கோல் அரசன். இரண்டு இடத்திலும் ஒரே தொப்பை, ஒரே மீசை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வலது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். இடது புருவம் இருந்த இடத்தில் இருக்கும். அவ்வளவுதான், கூட்டம் அடங்கிவிடும். டீக்கடையில் நின்றால்கூட, “அண்ணே, ஒண்ணு தூக்கிக் காட்டுங்க” என்று யாராவது கேட்பார்கள். அவரும் சளைக்காமல் தூக்கிக் காட்டுவார். எங்கள் பக்கத்தில் அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தப் புருவம் தெரியும்.

அவருக்கு வலது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு. அவர் கண்டுகொள்ளவில்லை. பெரிதானதும் அவருடைய மனைவி ஸ்டெல்லா இழுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குப் போனார். அது உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பியின் ஊடாகத்தான் போகிறதாம். கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் நரம்பையும் வெட்ட வேண்டியிருக்கும். அப்படி ஆனால் முகத்தின் அந்தப் பக்கம் அசையாது. இமை, உதடு, புருவம் ஒன்றும். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு ஞானதாஸ் கேட்டது ஒரே கேள்வி: “புருவம் நிக்குமா சார்?” உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இதைக் கேள்விப்பட்டதும் பிஜு மற்ற முகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஞானதாஸின் வீட்டுக்குப் போனார். ஞானதாஸ் புருவத்தைத் தூக்கியபடி உட்கார்ந்தார், வலித்தால் இறக்கினார், மறுபடி தூக்கினார். பிஜு கவனமாக ஒரு வேலை செய்தார். ஆளை நேராகப் பார்த்துத் தகட்டில் வரைந்தால் அச்சில் திரும்பிவிடும். வலது புருவம் இடது புருவமாகிவிடும். அதனால் ஆளைப் பார்க்காமல், ஒரு பெரிய கண்ணாடியை வைத்து அதில் தெரிந்த முகத்தைப் பார்த்து வரைந்தார். கண்ணாடி ஒரு முறை திருப்பும், அச்சு இன்னொரு முறை திருப்பும், முடிவில் முகம் சரியாக வந்துவிடும். மாணவர்களில் பலர் மறந்துவிட்டு அப்புறம் தலையில் கை வைக்கிற இடம் இது. பிஜு மறக்கவில்லை.

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் மதியம், தகட்டோடு பிஜு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் ஞானதாஸும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் தன் முகத்தைத் தாளில் பார்த்துவிட வேண்டும், ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது ஞானதாஸின் ஆசை. அதற்குத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

மையைத் தடவினேன், வலைத்துணியால் துடைத்தேன், உள்ளங்கையால் கடைசியாக ஒரு துடைப்பு. ஈரத்தாளைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். தாளை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். எத்தனையோ வருடம் இந்த வேலை செய்தவள் சொல்கிறேன், முதல் அச்சே அப்படி விழுவது அபூர்வம். மீசை, கன்னத்துச் சதை, கண்ணுக்குக் கீழே உள்ள இருட்டு, எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புருவம் ஏறி நின்றது.

“அப்படியே உண்டு” என்றார் ஸ்டெல்லா.

கதவருகே நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்க பொன்னே, பேடியா இருக்கு” என்று பயந்து பின்வாங்கினார்.

ஞானதாஸ் அதைக் கையில் வாங்கினார். தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்தார், வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, “இது நானல்ல” என்றார்.

பிஜுவின் முகம் மாறியது. “எது அண்ணே சரியில்ல?”

“புருவம் இடம் மாறிப் போச்சு.”

“மாறல்ல அண்ணே. நீங்க வலதுதானே தூக்குவிய?”

“ஓம்.”

“படத்துல பாருங்க. அதும் வலதுதான்.”

ஞானதாஸ் தன் வலது புருவத்தை ஒரு விரலால் தொட்டார். படத்தில் இருக்கும் வலது புருவத்தைத் தொட்டார். “வலதுதான். சம்மதிச்சேன். ஆனாலும் இது நானல்ல மக்கா. ஆரோ ஒருத்தன் என்னயப் போல நடிக்கியான்.”

ஸ்டெல்லா என்னை ஓரமாக இழுத்தார். “நாளைக்கு ஆஸ்பத்திரியில்லியா டீச்சர், பேடியில அவரு என்னவோ சொல்லுயாரு. ஒண்ணும் நினைக்காதிய.” பிறகு பிஜுவிடம் போய் அழுதேவிட்டார். “எப்படியாவது மாத்திக் கொடு மக்கா. இது மனசுல கெடந்தா அவரு சமாதானமா போகமாட்டாரு.”

பிஜு ஞானதாஸைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், மேசையிலிருந்த சுரண்டியைக் கையில் எடுத்தார். புருவத்தைச் சுரண்டித் தேய்த்துவிட்டு மற்றப் பக்கத்துப் புருவத்தைத் தூக்கி வரையலாம், அரைமணி நேர வேலை என்றார். வரைந்தது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதனோடு எப்படி வாதாடுவது?

மை அப்பிய என் கையை அப்படியே தகட்டின் மேல் விரித்து வைத்தேன். “தகட்டத் தொடாத” என்றேன்.

“டீச்சர், அவியளுக்கு நாளைக்கு அட்மிஷன்.”

“அதுக்குத்தான் சொல்லுயேன். தொடாத.”

நான் அப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் இருந்தபோது ஓர் ஓவியர் தன் மனைவியின் முகத்தை வரைந்து கொண்டுவந்தார். முதல் அச்சைப் பார்த்த மனைவி மூக்கு பெரிது என்றார். அவ்வளவுதான், மனிதர் அங்கேயே உட்கார்ந்து மூக்கைச் சுரண்டினார், தேய்த்தார், மறுபடி வரைந்தார், மறுபடி சுரண்டினார். சுரண்டிய இடம் ஒருநாளும் முழுசாக மறையாது, நிழலாட்டம் கிடக்கும். கடைசியில் தகட்டில் மூன்று மூக்கு இருந்தது. மறுநாள் அந்த அம்மா வந்து, காய்ந்த முதல் அச்சைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, இது நன்றாகத்தானே இருக்கிறது, நேற்று எனக்குத் தலைவலி என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஒருவர் சரியில்லை என்று சொன்னால், எது சரியில்லை என்பதை அவர் சொன்ன சொல்லிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் எங்கே நின்று எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று பார்ப்பேன். அது தெரிகிறவரை கருவி கையில் இருக்கக் கூடாது.

பிஜுவை டீ போட அனுப்பினேன். கோபத்தில் இருக்கும் ஓவியரின் கையில் சுரண்டியைவிட டீ வடிகட்டி பாதுகாப்பானது. அவர் மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். ஸ்டெல்லாவும் கூடப் போனார்.

கொட்டகைக்குள் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன். முகம் பார்க்க அல்ல. தகட்டை அதில் காட்டினால், அச்சில் எப்படி விழும் என்று முன்கூட்டியே தெரியும். ஞானதாஸ் அதன் முன்னால் போய் நின்றார். நான் தகட்டைத் துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு அவரையே பார்த்தேன். புருவத்தைத் தூக்கினார், இறக்கினார். தூக்கினார், இறக்கினார். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர் திரும்பத் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல இருந்தது. பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். விஷயம் அங்கேயே இருந்தது. கண்ணாடியில் ஏறிய புருவம் வலப்பக்கம். தாளில் ஏறிய புருவம் இடப்பக்கம்.

“நாடகத்துக்கு உங்களுக்கு ஆரு மேக்கப் போடுவா?” என்று கேட்டேன்.

“நான்தான். வேற ஆரு? மீசை மொளச்ச காலம் தொட்டு நானே போடுயேன்.”

“கண்ணாடி பாத்து?”

“பின்ன பாக்காம?”

ஊர் முழுக்க அவர் முகத்தை மேடைக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. அவர் ஒருவர் மட்டும் பார்த்ததில்லை. புருவத்தைத் தூக்கப் பழகியது கண்ணாடியில். அதற்கு மை தீட்டியது கண்ணாடியில். இன்று ஏறுகிறதா இல்லையா என்று ஒவ்வொரு மேடைக்கு முன்பும் சரிபார்த்ததும் கண்ணாடியில். அவருக்குத் தெரிந்த ஞானதாஸ் அதற்குள் இருப்பவர். பிஜு வெகு கவனமாக வரைந்தது, நாம் எல்லோரும் பார்க்கிற ஞானதாஸை. போட்டோவில் பார்த்திருப்பீர்களே என்று கேட்டேன். “போட்டோவுல எல்லாம் நான் எனக்க தம்பியப் போல இருக்கும் டீச்சரே. அதனால பாக்கியதில்ல” என்றார்.

இனி என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. புதுத் தகடு கீற நேரம் இல்லை. பழைய தகட்டைத் தொடக் கூடாது. ஒரு வழி இருந்தது. தகட்டிலிருந்து இன்னொரு அச்சு எடுத்து, அதன் மை காய்வதற்கு முன்னால் அதன்மேல் வேறொரு ஈரத்தாளை வைத்து மறுபடியும் உருளைக்கு அடியில் ஓட்டினால், புதுத் தாளில் படம் திரும்பி விழும். எதிரச்சு என்று நாம் சொல்வது அதைத்தான். ஓவியர்கள் தகட்டைத் திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் தூர எறிந்துவிடுவார்கள். அது மங்கலாகத்தான் வரும். தவிர, அதற்காக ஒரு நல்ல அச்சைப் பலி கொடுக்க வேண்டும். மையை இழந்த அந்தத் தாள் பிறகு எதற்கும் ஆகாது. பிசிறும் இன்னொரு முறை நசுங்கும்.

டீயோடு வந்த பிஜுவிடம் சொன்னேன். அவருக்கு இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று.

“கண்ணாடி வெச்சு வரஞ்சதே இது திரும்பக் கூடாதுண்ணுதான் டீச்சர். அத நீங்க திருப்பப் போறியளா?”

“நீ செஞ்சது சரிதான். அதாக்கும் பிரச்சினை.”

“எதிரச்ச ஒருத்தரும் வெளிய கொடுக்கியதில்ல. அது படமே இல்ல. எனக்க பேர வெச்சு அந்த மங்கலான சாதனத்த அண்ணன் கொண்டுபோய் நாலாளு கிட்ட காட்டினா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. தகடு அவருடையது, பெயர் அவருடையது. நான் அச்செடுக்கிறவள். அவர் வேண்டாம் என்றால் நான் சக்கரத்தைத் தொட மாட்டேன் என்று சொன்னேன். அப்படித்தான் நினைத்தும் இருந்தேன். இதில் நீங்கள் எந்தக் காலத்திலும் குறுக்கு வழியில் போகாதீர்கள்; ஓவியர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ரகசியமாக ஒன்று எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கக் கூடாது. ஆனால் அவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கும்படி செய்யலாம். நான் கொஞ்சம் விலகி நின்றேன். பிஜுவுக்கு நேரே கண்ணாடியும் அதன் முன்னால் ஞானதாஸும் தெரிந்தார்கள். ஞானதாஸுக்கு எங்கள் தகராறு எதுவும் காதில் விழவில்லை. புருவத்தைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

பிஜு டம்ளரைக் கீழே வைத்தார். “ஓட்டுங்க டீச்சர்” என்றார்.

மறுபடியும் மை பூசி இரண்டாவது அச்சை எடுத்தேன். அதுவும் முதலாவதைப் போலவே விழுந்தது. யாரையும் ரசிக்க விடாமல் உடனே அதன்மேல் ஈரத்தாளை வைத்து, மேலே விரிக்கும் கம்பளத்தால் மூடி, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிச் சக்கரத்தைச் சுற்றினேன். உரித்து எடுத்தபோது பிஜு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மங்கல்தான். கறுப்பு சாம்பலாகியிருந்தது, மீசையின் கனம் போயிருந்தது. புருவம் மறுபக்கத்தில் ஏறியிருந்தது.

ஞானதாஸ் தாளை வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவருடைய புருவம் மெல்ல ஏறியது. தாளில் இருந்தவரும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதாக்கும்” என்றார். “இப்ப உள்ளது நானாக்கும்.”

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. “இதுல ஆரோ போல இருக்கியளே” என்றார். ஞானதாஸ் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். முதல் அச்சைக் காட்டி, “நீ கல்யாணம் கெட்டினது அவன. இது நான்” என்றார். எதிரச்சை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கொடுத்தேன். ஆட்டோ ஏறும்போது, “போயிட்டு வாறேன் டீச்சரே” என்று அவர் சொன்னதற்கு, வாருங்கள் என்றேன்.

கட்டி நரம்பைப் பிடித்திருந்தது. கட்டியோடு நரம்பையும் வெட்டி எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது பக்கம் அசையவில்லை என்று அந்த ஆட்டோக்காரர் வந்து சொன்னார். நாடகக் குழுவில் அவருடைய வேடத்தை அம்பூரியிலிருந்து ஒருவருக்குக் கொடுத்தார்கள். ஞானதாஸ் வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஸ்டெல்லா ஒரு நாள் போனில் பேசியபோது, எதிரச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். “சுவரப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கு டீச்சர்” என்றார்.

எனக்கு அது வலித்தது. அவர் கேட்டதைக் கொடுத்தேன். அதனால் அவருக்கு என்ன நல்லது நடந்தது என்று யோசித்தேன். பிஜு என்மேல் பழி போடவில்லை, அதுவே பெரிது. கண்காட்சி நடந்தது, ஞானதாஸின் முகத்துக்கு முன்னால்தான் ஆட்கள் நின்றார்களாம். நான் போகவில்லை. எந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன், வேறு ஓவியர்களின் தகடுகளுக்கு அச்செடுத்தேன். இந்தத் தொழிலில் முடிவெடுப்பது வரைதான் நம் பொறுப்பு. அந்த முடிவு என்னவாகிறது என்பது தாளோடு கொட்டகையை விட்டுப் போய்விடும். போகட்டும் என்று விடவும் பழக வேண்டும். எனக்கு அது முழுசாக இன்னும் வரவில்லை.

ஓணம் கழிந்து, மழையும் ஒருவாறு ஓய்ந்த சமயம். காலையில் கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தேன். சாலையில் பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. ஞானதாஸ் தனியாக நடந்து வந்தார். மெலிந்திருந்தார். வலது கண் சரியாக மூடாததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாயின் வலது ஓரம் தாழ்ந்து கிடந்தது. வலது புருவம் கண்மேல் இறங்கிப் படுத்திருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது.

“டீச்சரே, அன்னைக்கு முதல்ல எடுத்த தாள் உண்டா?”

“எது?”

“நானல்லண்ணு சொன்னேனே, அது.”

இருந்தது. அச்செடுத்தவருக்கு ஒரு பிரதி என்பது நம் தொழில் வழக்கம். பிஜு என் பங்காக அந்த முதல் அச்சையே கொடுத்திருந்தார். என்னிடம் இருப்பதில் ஆகச் சிறந்தது அதுதான். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் உட்காரவில்லை. தாளோடு நேரே கைகழுவும் தொட்டிக்குப் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தாளைச் சுவர்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தை இறுக்கினார். நெற்றி முழுக்க வியர்த்தது. இடது புருவம், பிறந்த நாளிலிருந்து இருந்த இடத்திலேயே இருந்த அந்த இடது புருவம், நடுங்கியது, கொஞ்சம் ஏறியது, விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளில் ஏறியிருப்பது இடப்பக்கத்துப் புருவம். நம் கண்ணுக்கு அது ஞானதாஸின் வலது புருவம். கண்ணாடியைப் பார்க்கிறதுபோலப் பார்க்கிற அவருக்கு அது அவருடைய இடது புருவம். அசையாமல் போனது வலப்பக்கம். இடப்பக்கம் இன்னும் அவருடையது.

“இன்னும் ஏறல்ல” என்றார். “புருவம் மேல போய் நிக்கும்போ எப்படி இருக்கணும்ணு தெரியல்ல டீச்சரே. அதுதான் இதப் பாத்துப் படிக்கலாம்ணு வந்தேன். கும்ப மாசத் திருவிழாவுல நாடகம் உண்டு. வலது பக்கம் சும்மா கெடந்தா கெடக்கட்டும். அசுரனுக்கு அது கொள்ளாம்.”

“தாள நீங்களே வெச்சுக்கிடுங்க.”

“உங்களுக்க பங்குண்ணு பிஜு சொன்னான்.”

“கொண்டுபோங்க.”

அவர் தலையாட்டினார். ஆனால் உடனே கிளம்பவில்லை. தாளைப் பிடித்திருந்த அவர் கை ஆடியது. கை ஆடினால் படமும் ஆடும், ஒப்பிட முடியாது. நான் போய்த் தாளை வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில், அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். புருவம் ஏறியது, பாதியில் நின்றது, விழுந்தது.

“கொஞ்சம் மேல பிடிங்க டீச்சரே” என்றார் ஞானதாஸ். “இன்னும் ஒருக்கா பாக்கலாம்.”

நான் மேலே தூக்கிப் பிடித்தேன்.